யாகிமோவ்: காசுக்குப் பெயர் ஈந்த பள்ளத்தாக்கு

கழுத்துச் சங்கிலியில் கோத்து அணியும் பதக்கத்தைத் தமிழகத்து நகைக்கடைகளில் 'டாலர்' என்றே வழங்குகின்றனர். அமெரிக்க நாட்டின் நாணயத்திற்கும் அதுவே பெயர். ஆயினும் இச்சொல்லின் வேர் அமெரிக்க மண்ணில் இல்லை. செக் நாட்டின் வடமேற்கு எல்லையில், ஜெர்மனியின் சாக்சனி மாநிலத்தை ஒட்டிய மலைப்பிளவு ஒன்றில், இன்று இரண்டாயிரத்துச் சில நூறு மக்களே வாழும் ஒரு சிற்றூரின் பெயரில் அது புதைந்து கிடக்கிறது. அவ்வூரின் செக் மொழிப் பெயர் யாகிமோவ். ஜெர்மானியப் பெயர் யோவாகிம்ஸ்தால்.

இவ்வூரைப் பற்றி எழுதுவோர் பலரும் வெள்ளிக் காசைப் புகழ்ந்து, ரேடியத்தை வியந்து, அத்துடன் அமைந்துவிடுகின்றனர். காசும் ரேடியமும் ஊரைவிட்டு வெளியேறிய பொருள்கள். அவற்றை அகழ்ந்தெடுத்தோர் யாவர், அவர்க்கு நேர்ந்தது என்ன என்று கேட்கும்போதே ஊரின் வரலாறு தொடங்குகிறது. அவ்வினாவை உடன்கொண்டு ஐந்நூறு ஆண்டுகளை ஒருமுறை நடந்து பார்ப்பது பயனுடையதாகும்.

மலையும் பள்ளமும்

செக் நாட்டிற்கும் சாக்சனிக்கும் இடையே தென்மேற்கிலிருந்து வடகிழக்காக நீண்டு கிடப்பது குருஷ்னே ஹோரி மலைத்தொடர். ஜெர்மானியர் இதனை எர்ஸ்கெபிர்கே என்பர். 'தாதுமலை' என்பது அதன் பொருள். சாக்சனிப் பக்கத்தில் மலை மெல்ல மெல்லச் சரிந்து சமவெளியோடு கலந்துவிடும். செக் பக்கத்திலோ சுவரெனச் செங்குத்தாக இறங்கும். அச்சுவரை ஓடையொன்று அறுத்து உண்டாக்கிய ஒடுங்கிய பிளவில், கடல்மட்டத்திற்கு எழுநூறு மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் யாகிமோவ் அமைந்துள்ளது. இடமின்மையால் ஊர் அகலவில்லை. ஓடையின் போக்கை ஒட்டி நீண்டு, மேல்நோக்கி ஏறிச் செல்கிறது. தெற்கே இறங்கினால் ஏறத்தாழ இருபது கிலோமீட்டர் தொலைவில் வெந்நீர் ஊற்றுகளுக்குப் பெயர்பெற்ற கார்லோவி வாரி. வடக்கே ஏறினால் இம்மலைத்தொடரின் மிகவுயர்ந்த கொடுமுடியாகிய கிளீனோவெட்ஸ். உயரம் 1,244 மீட்டர். அதன் அண்மையில், எல்லைக்கோட்டின்மேல், செக் நாட்டின் மிகவுயர்ந்த நகரமாகிய போஷீ தார். 'இறைவனின் கொடை' என்பது அப்பெயரின் பொருள்.

குளிர் நீண்டது; மண் மெலிந்தது. உழவுக்கு உகந்த நிலமன்று. பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இப்பள்ளத்தில் இருந்தது கொன்ராட்ஸ்க்ரூன் என்னும் பாழூர் மட்டுமே. உழுது பிழைக்க இயலாமல் மாந்தர் கைவிட்டுப் போன நிலத்திற்கு, அகழ்ந்து பிழைக்க மாந்தர் மீண்டும் வந்தனர் என்பது நோக்கத்தக்கது.

வெள்ளியும் காசும்

மலையில் வெள்ளித்தாது காணப்பட்டதும் அந்நிலத்தின் உடைமையாளரான ஸ்டெபான் ஷ்லிக் பிரபு 1516இல் இங்கு ஊர் அமைத்தார். எல்லைக்கு அப்பால் சாக்சனியில் ஏற்கெனவே அன்னாபெர்க் என்னும் வெள்ளி நகரம் செழித்துக்கொண்டிருந்தது. அது மரியாளின் தாயாகிய புனித அன்னம்மாளின் பெயரைத் தாங்கியது. புதிய ஊருக்கு மரியாளின் தந்தை புனித சுவக்கீனின் பெயர் சூட்டப்பட்டது. சுவக்கீன் என்று தமிழ்க் கத்தோலிக்கர் வழங்கும் அப்பெயரே ஜெர்மானிய மொழியில் யோவாகிம். 'தால்' என்பது பள்ளத்தாக்கு. சாக்சனியின் மரியன்பெர்க் நகரையும் சேர்த்து எண்ணினால், தாய், தந்தை, மகள் மூவர் பெயராலும் அம்மலையில் சுரங்க நகரங்கள் எழுந்தமை புலனாகும்.

ஊர் வளர்ந்த விரைவு வியப்புக்குரியது. 1520இல் மன்னர் லூயி இதனைச் சுரங்க நகரமாக உயர்த்தி உரிமைகள் வழங்கினார். 1530களில் மக்கள்தொகை ஏறத்தாழ 18,000. பொஹீமிய நாட்டில் பிராகாவுக்கு அடுத்த பெருநகரம் இதுவாயிற்று. பாழூராகக் கிடந்த இடத்தில் இருபது ஆண்டுகளுக்குள் இத்துணை மக்கள் திரண்டனர் என்றால், அவருள் மிகப் பெரும்பாலோர் வந்தேறிகளே. சாக்சனியிலிருந்தும் பிற ஜெர்மானிய நாடுகளிலிருந்தும் சுரங்கத் தொழில் அறிந்தோர் மலையைக் கடந்து வந்தனர். எல்லை என்பது அன்று மக்களைத் தடுக்கும் கோடாக இருக்கவில்லை.

1520 சனவரியில் பொஹீமிய அரசவை ஷ்லிக் குடும்பத்தினர்க்கு வெள்ளிக் காசு அடிக்கும் உரிமையை வழங்கியது. ஏறத்தாழ 29 கிராம் எடையுள்ள பெருங்காசு அது. ஒருபுறம் புனித சுவக்கீனின் உருவமும், மறுபுறம் பொஹீமியச் சிங்கமும் பொறிக்கப்பட்டன. யோவாகிம்ஸ்தாலில் அடித்தது என்னும் பொருளில் மக்கள் இதனை 'யோவாகிம்ஸ்தாலர்' என்றனர். வணிகர் நாவில் அந்நீண்ட பெயர் தேய்ந்து 'தாலர்' ஆயிற்று. செக் மொழியில் 'தோலர்', டச்சு மொழியில் 'டால்டர்', ஆங்கிலத்தில் 'டாலர்' எனப் பெயர் நாடுதோறும் உருமாறிச் சென்றது. டச்சுக்காரரின் சிங்கமுத்திரைக் காசும், 'டாலர்' என ஆங்கிலேயர் அழைத்த ஸ்பானிய வெள்ளியும் அமெரிக்கக் குடியேற்றங்களில் புழங்கின. 1792ஆம் ஆண்டின் நாணயச் சட்டத்தால் அமெரிக்க ஐக்கிய நாடுகள் இப்பெயரைத் தமதாக்கிக்கொண்டன. தாலரின் மற்றொரு கிளையாகிய ஆஸ்திரியப் பேரரசி மரியா தெரசாவின் காசு செங்கடல் ஓரத்து நாடுகளில் நெடுங்காலம் செல்லுபடியாயிற்று. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அக்காசு நம் பம்பாய் நாணயச்சாலையிலும் அடிக்கப்பட்டது. சொல் ஆராய்ச்சியில் ஈடுபாடுடையார்க்கு இதனினும் சுவையான பயணம் கிடைப்பது அரிது. காசின் பெயரில் 'பள்ளத்தாக்கினது' என்னும் பொருள் மட்டுமே எஞ்ச, எந்தப் பள்ளத்தாக்கு என்பது உதிர்ந்துபோயிற்று.

காசால் ஊருக்கு வந்த வாழ்வு நிலைக்கவில்லை. 1525இல் சுரங்கத் தொழிலாளர் கிளர்ந்தெழுந்தனர். 1526இல் துருக்கியருக்கு எதிரான மோகாச் போர்க்களத்தில் மன்னர் லூயியும் ஸ்டெபான் ஷ்லிக்கும் ஒருங்கே மாண்டனர். அடுத்து வந்த ஹாப்ஸ்பர்க் மன்னர் பெர்டினாண்ட் 1528இல் காசு அடிக்கும் உரிமையை ஷ்லிக் குடும்பத்தினரிடமிருந்து பறித்துக்கொண்டார். அரச நாணயச்சாலைக்கென 1530களில் எழுப்பப்பட்ட கட்டடம் இன்றும் நிற்கிறது, அருங்காட்சியகமாக விளங்குகிறது.

இக்கால ஊரின் அறிவு வாழ்க்கையை இருவர் பெயரால் நினைவுகூர்தல் தகும். முதலாமவர் கியோர்கியுஸ் அகிரிகோலா. 1527இல் நகர மருத்துவராக இங்கு வந்த இவர், நோயாளிகளைப் பார்த்த நேரம் போக எஞ்சிய பொழுதெல்லாம் சுரங்கங்களிலும் உருக்குலைகளிலும் கழித்தார். 1530இல் இவர் எழுதிய 'பெர்மானுஸ்' என்னும் உரையாடல் நூல் இவ்வூர்ச் சுரங்க அறிவின் பயனாகும். அதற்கு முன்னுரைக் கடிதம் வழங்கியவர் பேரறிஞர் எராஸ்மஸ். இவர் மறைந்த மறு ஆண்டில், 1556இல், வெளியான 'தே ரே மெத்தாலிக்கா' சுரங்கவியலின் முதல் பெருநூல்; இரு நூற்றாண்டுகளுக்கு அதற்கு இணை தோன்றவில்லை. அந்நூலின் முதற் பகுதியிலேயே, சுரங்கத்தால் காடு அழிகிறது, ஓடை நஞ்சாகிறது, புள்ளும் விலங்கும் மறைகின்றன என எதிர்ப்போர் கூறுவதை அவர் எடுத்துரைத்து, பின்னர் சுரங்கத்தின் பக்கமாக நின்று மறுமொழி தருகிறார். மறுமொழியைக் காட்டிலும் எதிர்ப்போர் கூற்றே இன்று வலிமையுடன் ஒலிக்கிறது என்பது வேறு செய்தி. இந்நூலை 1912இல் முதன்முதலாக ஆங்கிலத்தில் பெயர்த்தவர்கள் ஹெர்பர்ட் ஹூவரும் அவர்தம் மனைவி லூ ஹென்றியும் ஆவர். சுரங்கப் பொறியாளராயிருந்த ஹூவர் 1929இல் டாலர் நாட்டின் அதிபரானார்!

இரண்டாமவர் யோகான்னஸ் மத்தேசியுஸ். மார்ட்டின் லூத்தரின் மாணாக்கர். இவ்வூர் இலத்தீன் பள்ளியின் தலைவராகவும், பின்னர் 1565இல் மறையும்வரை ஊரின் சமயகுருவாகவும் விளங்கியவர். சுரங்கத் தொழிலாளரின் சொற்களையும் கருவிகளையும் உவமையாக்கி அவர்க்கென நிகழ்த்திய மறையுரைகளை 'சரெப்தா' என்னும் நூலாக 1562இல் வெளியிட்டார். தொழிலாளியின் மொழியைத் திருமேடைக்கு ஏற்றிய இவ்வாசிரியர், அகிரிகோலாவைப் போல் உலகப் புகழ் எய்தவில்லை. ஆயினும் அந்நாளைய தொழிலாளரின் அன்றாட வாழ்வை அறிய விழைவார்க்கு இவர் நூலே துணை. அவருடைய பள்ளியின் பழைய நூல்தொகுதி ஊரிலேயே பேணப்பட்டு வருகிறது.

நூற்றாண்டின் பிற்பாதியில் வெள்ளி குறைந்தது. சுரங்கம் ஆழமாக ஆக நீர் இறைக்கும் செலவு ஏறியது. அமெரிக்கக் கண்டத்து வெள்ளி ஐரோப்பாவில் வந்து குவிந்தது. 1620இல் வெண்மலைப் போரில் பொஹீமியப் புராட்டஸ்டண்டுகள் தோற்றபின், கத்தோலிக்க சமயத்திற்கு மாற மறுத்தோர் மலைக்கு அப்பால் சாக்சனிக்குப் பெயர்ந்தனர். இம்மலைப்பகுதியிலிருந்து அவ்வாறு சென்றோர் 1654இல் நிறுவிய நகரமே எல்லையோரத்து யோகான்கியோர்கன்ஸ்டாட். வந்த வழியே மக்கள் திரும்பிச் சென்றனர். எஞ்சியோர் நூல்பின்னல் முதலிய கைத்தொழில்களாலும் நலிந்த சுரங்கங்களாலும் இரு நூற்றாண்டுகளைக் கடத்தினர்.

கரிய கல்

வெள்ளியைத் தொடர்ந்து அகழ்ந்தவர்கள் சில இடங்களில் கனத்த கரிய கல் ஒன்றைக் கண்டனர். அக்கல் தோன்றிய இடத்தில் வெள்ளி அற்றுப்போகும் என்பது அவர்தம் பட்டறிவு. 'பெக்' என்னும் ஜெர்மானியச் சொல்லுக்குக் கீல் என்றும் பொருள். கேடுகாலம் என்றும் பொருள். கருநிறம் பற்றியோ கேட்டின் அறிகுறி பற்றியோ அக்கல் 'பெக்பிளெண்டே' எனப்பட்டது. பள்ளிப் பாடநூல்களில் நாம் பிட்ச்பிளெண்ட் எனப் படிப்பது இதனையே. பயனற்றதென அதனைக் குப்பைமேட்டில் எறிந்தனர்.

1789இல் பெர்லின் வேதியியலறிஞர் மார்ட்டின் கிளாப்ரோத் இம்மலைத்தொடரின் பிட்ச்பிளெண்டை ஆராய்ந்து புதிய தனிமம் ஒன்று அதில் உள்ளதெனக் கண்டார். எட்டாண்டுகளுக்கு முன் கண்டறியப்பட்டிருந்த யுரேனஸ் கோளின் பெயரால் அதற்கு யுரேனியம் எனப் பெயரிட்டார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் யாகிமோவில் யுரேனியச் சாயத் தொழிற்சாலை தோன்றியது. கண்ணாடிக்கும் பீங்கானுக்கும் மஞ்சளும் பசுமஞ்சளும் ஏற்றுவதற்கே அன்று யுரேனியம் பயன்பட்டது. சாயம் பிரித்தபின் எஞ்சிய சக்கை அருகிலிருந்த ஊசியிலைக் காட்டில் கொட்டப்பட்டது.

பாரிசில் மேரி கியூரியும் பியேர் கியூரியும் நாடியது அச்சக்கையையே. தன்னிலுள்ள யுரேனியத்தின் அளவுக்கு மேலாகப் பிட்ச்பிளெண்ட் மிகுந்த கதிரியக்கம் காட்டுவதேன் என்னும் ஐயமே அவர்தம் ஆய்வின் தொடக்கம். 1898இல் பொலோனியத்தையும் ரேடியத்தையும் அறிவித்தனர். கண்டுபிடிப்பை மெய்ப்பிக்க மூலப்பொருள் டன் கணக்கில் வேண்டியிருந்தது. வியன்னாவின் நிலவியலறிஞர் எடுவர்ட் சூயஸ் பரிந்துரைக்க, ஆஸ்திரிய அரசு ஒரு டன் சக்கையை விலையின்றி வழங்கியது. பாரிசுக்கு வந்து சேர்ந்த சாக்குகளில் பழுப்பு மண்ணோடு யாகிமோவ்க் காட்டின் ஊசியிலைகளும் கலந்திருந்தன. 1902இல் அதிலிருந்து கிடைத்த ரேடியம் குளோரைடு ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்கு.

ரேடியத்தின் மதிப்பு உயர்ந்ததும் ஆஸ்திரிய அரசு தாது ஏற்றுமதியைத் தடுத்தது. ஊரில் கதிரியக்க நீர் மருத்துவம் 1906இல் தொடங்கியது. ரேடான் நீராடலுக்கென உலகில் எழுந்த முதல் குளியலகம் இதுவே. 1912இல் 'ரேடியம் பேலஸ்' என்னும் மாளிகை விடுதி திறக்கப்பட்டது. 1925இல் மேரி கியூரியே இவ்வூருக்கு வந்து சுரங்கத்தைக் கண்டு சென்றார்.

இவ்விடத்தில் சுரங்கத்தினுள் இருந்தோரை நினைத்துப் பார்த்தல் வேண்டும். மலைச் சுரங்கத் தொழிலாளர் இளமையிலேயே இருமி மெலிந்து மாள்வது அகிரிகோலா காலத்திலேயே அறியப்பட்ட செய்தி. கார்பாத்திய மலைச் சுரங்கங்களில் ஒருவர்பின் ஒருவராக ஏழு கணவரை மணந்து இழந்த பெண்டிர் இருந்தனர் என அவரே எழுதியுள்ளார். 'மலைநோய்' என்றனர், தூசியால் வருவதென்றனர். 1879இல் எல்லைக்கு அப்பால் ஷ்னேபெர்க் நகரில் ஹெர்ட்டிங், ஹெஸ்ஸே என்னும் மருத்துவர் இருவர் இந்நோய் நுரையீரற் புற்று என்று காட்டினர். யாகிமோவ்ச் சுரங்கத் தொழிலாளரிடமும் அதுவே என்பதைப் பிர்ஹான், ஷிக்ல் ஆகியோரின் 1932ஆம் ஆண்டு ஆய்வு நிறுவியது. தாதுவிலிருந்து கசியும் ரேடான் வளியும் அதன் சிதைவுப் பொருள்களுமே காரணம் என்பது பின்னர்த் தெளிவாயிற்று. மேலே விடுதியில் செல்வர்கள் கட்டணம் செலுத்தி நாடிய அதே வளி, கீழே கூலிக்கு உழைத்தவரின் மூச்சை அறுத்தது. அளவு வேறு, காலம் வேறு என மருத்துவர் கூறும் விளக்கம் உண்மையே. ஆயினும் அளவைத் தேர்ந்துகொள்ளும் உரிமை ஒருசாரார்க்கே இருந்தது.

வேலிக்குள் மூன்று சொற்கள்

1918இல் செக்கோஸ்லோவாக்கியா தோன்றியபோதும் ஊர்மக்களுள் பெரும்பாலோர் ஜெர்மானிய மொழியினரே. 1938இல் மியூனிக் உடன்பாட்டால் எல்லைப்பகுதி இட்லரின் ஜெர்மனியோடு இணைக்கப்பட்டது. போர் முடிந்தபின் செக்கோஸ்லோவாக்கியாவிலிருந்து ஏறத்தாழ முப்பது இலட்சம் ஜெர்மானியர் வெளியேற்றப்பட்டனர். நானூறு ஆண்டுகளுக்கு மேலாக வேரூன்றியிருந்த குடும்பங்கள் இங்கும் கையில் எடுத்துச் செல்லக்கூடிய பொருளோடு மலையைக் கடந்தன. நாசி ஆட்சியின் கொடுமைகளை அறிந்தோர்க்கு அவ்வெளியேற்றத்தின் சினம் விளங்கும். எனினும் சினத்தின் பயனாக, ஊரின் பேச்சும் பாட்டும் அறிந்த தலைமுறை ஊரைவிட்டு அகன்றது என்பதையும் மறைத்தல் ஆகாது.

வெற்றிடம் நெடுநாள் வெற்றிடமாக இருக்கவில்லை. 1945 நவம்பர் 23இல் செக்கோஸ்லோவாக்கியாவும் சோவியத் ஒன்றியமும் மறைமுகமாக ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. அதன்படி யாகிமோவின் யுரேனியம் சோவியத்துக்குச் செல்லலாயிற்று. ஹிரோஷிமா நிகழ்ந்து நான்கு மாதங்கள்கூட நிறைவுறாத காலம் அது. முதலில் ஜெர்மானியப் போர்க்கைதிகள் சுரங்கத்தில் இறக்கப்பட்டனர். 1948இல் பொதுவுடைமைக் கட்சி ஆட்சியைக் கைப்பற்றியபின், அவ்வாண்டே இயற்றப்பட்ட குடியரசுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ்த் தண்டிக்கப்பட்ட அரசியல் கைதிகள் ஆயிரக்கணக்கில் இங்குக் கொணரப்பட்டனர். குருமார், உழவர், மாணவர், போரில் பிரிட்டிஷ் விமானப்படையில் பணியாற்றித் திரும்பியோர் எனப் பலதிறத்தார். 1947இலும் 1949இலும் உலக வாகைசூடிய பனிவளைகோற்பந்து அணியின் இலக்குக்காவலர் பொஹுமில் மோத்ரி அவருள் ஒருவர். 1950இல் பதினைந்தாண்டுத் தண்டனை பெற்று யுரேனியச் சுரங்கத்தில் உழைத்த அவர், 1955இல் விடுவிக்கப்பட்டு, 1963இல் நாற்பத்தாறு அகவையில் காலமானார்.

சுரங்கங்களின் பெயர்கள் ஈண்டுக் குறிப்பிடத்தக்கவை. ஸ்வோர்நோஸ்த் என்றால் 'ஒற்றுமை'. ரோவ்நோஸ்த் என்றால் 'சமன்மை'. பிராத்ர்ஸ்த்வீ என்றால் 'உடன்பிறப்பன்பு'. முதலாவது பதினாறாம் நூற்றாண்டு முதல் வழங்கிய ஜெர்மானியப் பெயரின் செக் மொழியாக்கம்; ஏனைய இரண்டும் பிற்காலத்தில் இட்டவை. இம்மூன்று பெயர்களும் முள்வேலி சூழ்ந்த முகாம்களின் பெயர்களாகவும் ஆயின. கைதிகள் தமக்கு வேறொரு பெயர் வைத்துக்கொண்டனர்: 'முக்ல்'. 'ஒழிக்கப்பட வேண்டியவன்' என்னும் பொருள்தரும் செக் தொடரின் முதலெழுத்துகளால் ஆனது அச்சொல். முகாமிலிருந்து சுரங்கத்திற்குச் செல்லும்போது கைதிக்கூட்டத்தை எஃகுக் கயிற்றால் இறுகச் சுற்றிப் பிணைத்து ஒரே உடலாக நடத்திச் சென்றனர். அதனைக் கைதிகள் 'ரஷ்யப் பேருந்து' என்றனர். செங்குத்தான படிக்கட்டொன்றுக்கு நாசி முகாமொன்றின் நினைவாக 'மௌத்தௌசன் படிகள்' எனப் பெயரிட்டனர். கடுந்துன்பத்திலும் சொல்லைப் படைக்கும் ஆற்றல் மாய்வதில்லை போலும்.

பள்ளத்தாக்கின் வாயிலில், ஓஸ்த்ரோவ் நகரின் அருகே, செங்கற்கோபுரம் ஒன்று உள்ளது. தாதுவை அரைத்துப் பீப்பாய்களில் அடைத்துச் சோவியத்துக்கு அனுப்பிய இடம் அது. அங்கு உழைத்த கைதிகள் யுரேனியத் தூசியைக் காப்புடையின்றி மூச்சில் இழுத்தனர். மக்கள் அதனைச் 'சிவப்பு மரணக் கோபுரம்' என்பர். முகாம்கள் 1961இல் மூடப்பட்டன. யுரேனியமும் அருகியது, 1964இல் அகழ்வு நின்றது.

ஊரும் நிலமும் பின்னர்

மலைக்கு அடுத்த துயரம் வானிலிருந்து வந்தது. அடிவாரத்துப் பழுப்பு நிலக்கரி மின்நிலையங்களின் கந்தகப் புகையால் 1970களிலும் 1980களிலும் குருஷ்னே ஹோரியின் உச்சிக் காடுகள் பரந்த அளவில் பட்டுப்போயின. பின்னர்ப் புகை கட்டுப்படுத்தப்பட்டுப் புதுக்காடு நடப்பட்டது. சுரங்கக் கழிவுமேடுகள்மேல் மரங்கள் தாமாகவே எழுந்துள்ளன. அறியாதார் கண்ணுக்கு அவை இயற்கைக் குன்றுகளாகவே தோன்றும்.

2007 டிசம்பரில் செக் நாடு ஷெங்கன் உடன்பாட்டில் சேர்ந்தபின் எல்லைச் சோதனை நீங்கியது. 2019 சூலையில் எர்ஸ்கெபிர்கே - குருஷ்னே ஹோரி சுரங்க நிலப்பரப்பை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அதன் இருபத்திரண்டு பகுதிகளுள் பதினேழு ஜெர்மனியிலும் ஐந்து செக் நாட்டிலும் உள்ளன. யாகிமோவ்ச் சுரங்க நிலம் அவ்வைந்தில் ஒன்று. சிவப்பு மரணக் கோபுரம் மற்றொன்று. நாணயச்சாலையோடு மரணக் கோபுரத்தையும் ஒரே பட்டியலில் சேர்த்தவர்கள் வரலாற்றுக்கு நேர்மை செய்துள்ளனர் எனலாம்.

1534க்கும் 1540க்கும் இடையே கட்டப்பட்ட புனித சுவக்கீன் ஆலயம் 1873ஆம் ஆண்டின் பெருந்தீயில் எரிந்து, மீண்டும் கட்டப்பட்டது. அரசியல் கைதிகளின் நினைவுகூரல் ஆண்டுதோறும் இவ்வூரில் நிகழ்கிறது. முகாம்கள் இருந்த இடங்களை இணைத்து 'யாகிமோவ் நரகம்' என்னும் பெயரில் நடைபாதை ஒன்று காட்டினூடே செல்கிறது. ஊரின் பெருஞ்சுரங்கங்களுள் இன்றும் இயங்குவது ஸ்வோர்நோஸ்த் ஒன்றே. 1518இல் தோண்டத் தொடங்கிய அதன் ஏறத்தாழ ஐந்நூறு மீட்டர் ஆழத்திலிருந்து இப்போது ஏற்றப்படுவது வெள்ளியுமன்று, யுரேனியமுமன்று. ரேடான் கலந்த வெதுவெதுப்பான நீர். கியூரி ஊற்று, அகிரிகோலா ஊற்று எனப் பெயரிட்ட ஊற்றுகளின் அந்நீர், மூட்டுவலிக்கு மருந்து நாடி வருவோரின் குளியல் தொட்டிகளுக்குக் குழாய் வழியே செல்கிறது.